பதின்மூன்று பல்லும் ஒரு தேய்ந்த செருப்பும்

நேற்று சாயங்காலம் வண்டிக்குச் செயின் செட் மாற்றினேன், அதாவது செயினும் அது ஓடுகிற முன், பின் பல்சக்கரங்களும். மாற்றிய கையோடு இதை எழுதக் காரணம், அரூரில் இருக்கும் அக்கா மகன். ஒரு மாதமாக விடாமல் கேட்கிறான்: “மாமா, சித்தேரி மலைக்குத் தினமும் ஏறி இறங்கணும். முன் பல்லை ஒண்ணு குறைச்சா வண்டி இழுக்குமா?” போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அக்கா வாங்கிவிடுவாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எழுதியே அனுப்பிவிடலாம்.

வண்டியின் பெயர் வேண்டாம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தாலும் வரிசைக்கு நாலு நிற்கும். 125 சிசி, ஐந்து கியர். வாங்கும்போது முன்னால் 14 பல், பின்னால் 42. எட்டு மாதம் முன்பு அந்த 14-ஐக் கழற்றிவிட்டு 13 போட்டேன். அதற்கப்புறம் 14,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ஏன் போட்டேன் என்பதற்கு என் தொழிலைச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கிறேன். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கல் வேண்டும். 20 கிலோ இரும்புக் கல் இரண்டு, 10 கிலோ ஒன்று, சில்லறைக் கல் பெட்டி, அப்புறம் டூல் பை. ஆக, என் பின்சீட்டில் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். மேடு வந்தால் இறங்கி நடங்க என்று சொல்ல முடியாத ஆள்.

இந்த ஆளோடு வத்தல்மலை ஏறுவதுதான் பிரச்சினை. கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைந்தால் பாதியில் வண்டி திக்கும். முதல் கியருக்கு இறக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு, ஆடு மேய்க்கிறவர் நடக்கிற வேகத்தில் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கியர் இருந்தால் தேவலை என்று தோன்றும். இல்லாததால் கிளட்ச்சைப் பாதி பிடித்து, விட்டு, பிடித்து, மேலே போய் நிறுத்தினால் கருகின வாசனை. மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் இருக்கிற மலையில் எனக்கு மட்டும் கிளட்ச் பிளேட் வாசனை.

13 போட்ட அன்று பழைய பல்சக்கரத்தின் மேல் புதியதை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் ஓரம் தெரிந்தது, அவ்வளவுதான். விட்டத்தில் நாலு மில்லிமீட்டர். இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். மாற்றுகிற வேலையும் அப்படித்தான் இருந்தது. இடது பக்க மூடியைக் கழற்றி, பூட்டுத் தகட்டின் இரண்டு போல்ட்டை எடுத்து, பழசை உருவிப் புதுசைச் சொருகி, பின் சக்கரத்தை மூன்று மில்லிமீட்டர் போலப் பின்னே இழுத்துச் செயினை இறுக்கியாயிற்று. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் மலை ஏறினேன். முதல் வளைவில் பழக்கத்தில் கிளட்ச்சின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டேதான் நுழைந்தேன். தேவைப்படவில்லை. இரண்டாவது கியரிலேயே, மூச்சு வாங்காமல், கல் இரண்டும் பின்னால் அழுத்த, வளைவின் உள் ஓரத்து மேட்டைப் பிடித்து ஏறிவிட்டது. அடுத்த வளைவில் விரலை எடுத்துவிட்டேன். அதற்கடுத்ததில் சிரித்துவிட்டேன், ஹெல்மெட்டுக்குள்தான். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்தப் பல்சக்கரத்துக்கு 180 ரூபாய் தரலாம் என்று அன்று நினைத்தேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

கணக்கு சின்னதுதான். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் பல்சக்கரம் மூன்று சுற்று. 13-ஆல் வகுத்தால் 3.23. ஒவ்வொரு கியரிலும் ஏழரை சதவீதத்துக்கு மேல் இழுவை கூடுகிறது. இதே பலனைப் பின் பல்லைக் கூட்டி எடுக்க வேண்டுமானால் 45 பல் போட வேண்டும், செயினும் நீளமாக வாங்க வேண்டும். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல் மாதிரி. அதனால்தான் எல்லோரும் முன்னால் கை வைக்கிறார்கள்.

இறக்கத்திலும் நல்லதுதான். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், பிரேக் சூடாகித் தடுமாறுகிற லாரிகளுக்கு நடுவில் நம் வண்டி நம் பேச்சைக் கேட்க வேண்டும். 13-ல் ஆக்ஸிலேட்டரை விட்டால் என்ஜினே இழுத்துப் பிடிக்கிறது. பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் இறங்கும்போதும் அப்படித்தான். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகத் தக்காளி மண்டிகளுக்குப் போகிற சாலையில், 45, 50 வேகத்தில், வண்டியைத் தயாரித்தவர்களே 13-ஐத்தான் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றும்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

மாங்காய் சீசனில் எனக்குக் கிருஷ்ணகிரியில்தான் வேலை. மண்டி மண்டியாகத் தராசு படுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஓசூரில் இரண்டு கம்பெனி. அதாவது தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஓயாத ஓட்டம். காவேரிப்பட்டணம் தாண்டி, சாலை நேராக விரிகிற இடத்தில் வண்டி ஐந்தாவது கியரில் 60-ல் போய்க்கொண்டிருக்கும். என்ஜின் சத்தம் நாலாவது கியரில் போகிற மாதிரி கேட்கும். உடனே என் இடது கால் போய் லிவரைத் தட்டும். அங்கே கியர் கிடையாது. லிவர் ‘டக்’ என்று நின்றுவிடும். ‘ஓ, ஐந்தில்தானே இருக்கிறோம்’ என்று மூளை சொல்லும். இரண்டு கிலோமீட்டர் கழித்துக் கால் மறுபடி போய்த் தட்டும்.

முதல் வாரம் இது வேடிக்கையாக இருந்தது. பழகிவிடும் என்றார்கள். எட்டு மாதமாகியும் பழகவில்லை. மற்றதெல்லாம் பழகிவிட்டது. இடது கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டு லாரியாக நடுங்குவது பழகிவிட்டது. என்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் இல்லாத வண்டி, ஆனால் வகுத்துப் பார்க்கலாம்: முன்பு 60-ல் என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றியது என்று வைத்துக்கொண்டால் இப்போது 5385. அந்த 385 சுற்று உள்ளங்கை வழியாக முழங்கை வரை வந்துவிடும், அதுவும் பழகிவிட்டது. கால் மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. போன மாதம் செருப்பு தைக்கிறவர் என் இடது செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது மட்டும் நுனியில இப்படித் தேஞ்சிருக்குது? கால் ஏதும் இழுக்குதுங்களா?” என்று கேட்டார். இல்லாத கியரைத் தேடித் தேய்ந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நியாயமாகவும் பேச வேண்டும். கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போவது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். முன்பு சூளகிரிப் பக்கம் எதிர்க்காற்றும் சேர்ந்தால் நாலுக்கு இறக்குவேன், இப்போது ஐந்திலேயே போகிறது. போகும்போது வாழ்த்துகிறேன், அதே சாலையில் திரும்பி இறங்கும்போது திட்டுகிறேன். மைலேஜ் நெடுஞ்சாலையில் 58-ல் இருந்து 54-க்கு வந்தது. மலைப்பக்கம் குறையவில்லை. என் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்தில் இருந்து வருவதால் இந்தக் கணக்கை நம்பலாம். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்தில் சென்சார் இருக்கும். அவற்றில் முன் பல்லைக் குறைத்தால் வேகமும் தூரமும் கூடுதலாகக் காட்டும். தெரிந்தவர் ஒருவர் 13 போட்டதும் மைலேஜ் ஏறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டர்தான் ஏறியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நடுவில் 15-ம் போட்டுப் பார்த்தேன், இரண்டு வாரம். நெடுஞ்சாலைக்கு அதுதான் மருந்து என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு. 125 என்ஜினுக்கு ஐந்தாவதில் அதை இழுக்கச் சத்து இல்லை. காற்றடித்தால் நாலுக்கு இறங்க வேண்டியதாயிற்று, வேகமும் கூடவில்லை. அந்த இரண்டு வாரமும் கால் லிவரைத் தேடவில்லை என்பது ஒன்றுதான் லாபம்.

அக்கா மகனுக்கு ஒரு எச்சரிக்கை. முதலில் நான் வாங்கிய 13, பெயர் போடாத டப்பாவில் வந்தது. கடைக்காரர் “எல்லாம் ஒரே சரக்குதான்” என்றார். மூன்று மாதத்தில் பல் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கருக்கரிவாள் நுனி மாதிரி ஆகிவிட்டது. தண்டில் போடும்போதே லேசாக ஆடியது. அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், என் சோம்பேறித்தனம். வாங்கும்போது கையில் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்கு. சின்னப் பல்லில் செயின் அதிகமாக மடங்குகிறது, இழுப்பும் கூடுதல். கிரானைட் லாரி போகிற சாலையின் தூசி வேறு. பழைய செட் 21,000 ஓடியது, இது 14,200-லேயே போய்விட்டது. தேய்ந்த பல் புதுச் செயினையும் கெடுத்துவிடும் என்பதால் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அப்படித்தான் நேற்று மெக்கானிக்கிடம் போய் நின்றேன். முந்தின நாள் ராத்திரி ஓசூரில் இருந்து வந்திருந்தேன். கிருஷ்ணகிரியில் இருந்து தர்மபுரிக்குள் கால் எத்தனை முறை தட்டுகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று. எண்ணியிருக்கக் கூடாது.

“என்ன பல்லுங்ணா போடட்டும்?” என்றார் மெக்கானிக். அவரே யோசனையும் சொன்னார்: “முன்னாடி 14 வெச்சுட்டு பின்னாடி 44 போட்டுப் பாருங்ணா. மலைக்கும் ஆகும், ரோட்டுக்கும் ஆகும்.” மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன், 3.14. இரண்டுக்கும் நடுவில். புத்தி உள்ளவன் அதைத்தான் போடுவான். தராசுக்காரன் கட்டாயம் அதைத்தான் போட வேண்டும். ஓடின தூரத்தில் மலை 2,000 கிலோமீட்டர்கூட இருக்காது என்றும் தெரியும். அப்படியிருந்தும் இந்த மலை ஏறிய சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் இந்த வண்டி எனக்குத் தந்ததில்லை என்றும் தெரியும்.

“14, 42. பழையதையே போடுங்க” என்றேன். அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது பைபாஸில் வேண்டுமென்றே 60-ல் பத்து கிலோமீட்டர் சுற்றினேன். கால் சும்மா இருந்தது.

அக்கா மகனே, நீ 13 போடு. சித்தேரிக்கு வேறு யோசனையே வேண்டாம். என்னிடம் பிரிக்காத 13 ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்று எழுத வந்தேன். வேண்டாம், நீ கடையிலேயே வாங்கிக்கொள், அது இங்கேயே டூல் பையில் இருக்கட்டும்.

வியாழக்கிழமை வத்தல்மலையில் மிளகு வியாபாரி ஒருவரின் தராசு பார்க்கப் போக வேண்டும். கல்லை இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்.