90 நாள் இலக்கு நோட்டு: வாங்கலாம், 14-ஆம் பக்கத்தைத் திருத்திக்கொண்டு

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் ‘அடுத்து எது?’ என்று தீர்மானிக்க உதவும் 90 நாள் நோட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. இங்கே பார்ப்பது தமிழில் அச்சான ஒன்றை. ஏ5 அளவு, 192 பக்கம், விலை 299 ரூபாய். தேதி அச்சிடாததால் எந்த மாதமும் தொடங்கலாம். முதல் 20 பக்கம் இலக்கைத் தேர்ந்தெடுக்க, மீதி அன்றாடக் கணக்குக்கு. காசுக்கு மதிப்பு அந்த 20 பக்கத்தில்தான். தினசரிப் பக்கங்களை நாற்பது ரூபாய் லாங் சைஸ் நோட்டிலும் கோடு போட்டுக்கொள்ளலாம்.

12-ஆம் பக்கத்தில் மனதில் உள்ள எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிறது. இதில் குறையில்லை. ஆனால் எல்லைப்புறத்தில் பலரும் முதல் வரியிலேயே “கவர்மெண்ட் வேலை” என்று எழுதிவிடுவார்கள். அது ஒரு இலக்கு அல்ல, இரண்டு. கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி.யின் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும்; கேரள வரலாறும் மறுமலர்ச்சி இயக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு மாநிலத்து இட ஒதுக்கீடும் செக்போஸ்டைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்கு வராது. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் 90 நாளும் இரண்டு புத்தகக் கட்டுக்கு நடுவே போய்விடும். தனித்தனி வரியாக எழுதுங்கள்.

சிக்கல் 14-ஆம் பக்கத்து மதிப்பெண் அட்டவணையில். விருப்பம், பலன், செலவுக்கு அடங்குமா, எளிமை என நான்கு கட்டம். ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 20. கூட்டிப் பார்த்து அதிகம் வந்ததை எடுக்கச் சொல்கிறது. பாலக்காட்டை அடுத்த தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் 34 வயதுக்காரர் ஒருவர் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். மலையாளம் எழுதப் படிக்கக் கற்பது: 3+3+5+4=15. பி.எஸ்.சி. கிளார்க் தேர்வு: 4+5+4+1=14. பைக் லோனை அடைப்பது: 4+3+2+4=13. தோப்புக்குச் சொட்டு நீர்: 3+4+1+3=11. மலையாளம் ஜெயித்துவிட்டது. ஆனால் அந்தத் தேர்வு எடுக்கும் எல்.டி. (லோயர் டிவிஷன்) கிளார்க் பதவிக்குப் பொதுப்பிரிவு வயது வரம்பு 36, ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும்தான் தளர்வு. மலையாளம் நாற்பத்தைந்திலும் படிக்கலாம், விண்ணப்பம் நாற்பத்தைந்தில் போட முடியாது. எளிமைக்கு மார்க் கொடுக்கும் எந்த அட்டவணையும் இப்படித்தான் சின்ன வேலையை மேலே தூக்கிவிடும்.

திருத்தம் சுலபம். ‘எளிமை’யை அடித்துவிட்டு ‘ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் என்ன கைவிட்டுப் போகும்?’ என்று எழுதி, அதன் மார்க்கை இரண்டால் பெருக்குங்கள். தேர்வுக்கு 5, லோனுக்கு 3, சொட்டு நீருக்கு 2, மலையாளத்துக்கு 1 என்று வைத்தால் மொத்தம் 23, 15, 12, 13. இப்போது வரிசை சரி. இன்னொன்றும் கவனியுங்கள்: கேரளத்தில் ஆபீஸ் வேலை பெரும்பாலும் மலையாளத்தில்தான். ஆகவே மலையாளம் அங்கே தனி இலக்கே அல்ல, தேர்வுக்கு அடியில் வரும் ஒரு படி. ஒன்று மற்றொன்றின் படியாக அமைவதைக் காட்ட இந்த நோட்டில் இடமே இல்லை. ஓரத்தில் அம்புக்குறி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நோட்டின் மிகச் சிறந்த பக்கம் 16, நேரக் கணக்கு. வாரத்தில் 168 மணி. வேலை 48, தூக்கம் 49, பஸ் 12, வீடு, தோப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 28. மீதி 31. அதிலும் பாதியைத்தான் நம்பச் சொல்கிறது. நியாயமான பேச்சு: கல்யாணம், காய்ச்சல், கரண்ட் கட் எல்லாம் மீதிப் பாதிக்குள் வந்துவிடும். ஆக வாரம் 15 மணி, 13 வாரத்துக்கு 195 மணி. ஒரு தேர்வின் பாடத்திட்டத்தை ஒருமுறை முடித்துப் பழைய வினாத்தாள் போட்டுப் பார்க்க இது போதும். இரண்டு தேர்வுக்குப் போதாது. இவ்வளவு நன்றாகக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே மூன்று இலக்குக்கு இடம் விட்டிருப்பது ஏனென்று தெரியவில்லை. இரண்டைக் குறுக்கே அடித்துவிடுங்கள்.

18-ஆம் பக்கம் ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்ற முறை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த வழி. வெறும் உறுதிமொழியைவிடப் பயன் தரும், ஆனால் இடமும் நேரமும் சேர்த்து எழுதினால்தான். “நேரம் கிடைத்தால் படிப்பேன்” வீண். “நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், தூங்கி எழுந்ததும் டீக்கு முன் 25 கேள்வி” என்று எழுதுங்கள்.

தினசரி டிக் கட்டங்கள் ஷிஃப்ட் மாறி மாறி வரும் ஆட்களுக்குச் சரிவராது. இரண்டு நாள் காலியாக விழுந்தால் நோட்டே பரணுக்குப் போகும். வார மொத்தத்தை மட்டும் எழுதினால் போதும். பி.எஸ்.சி. எழுதுபவர்கள் முதல் வாரக் கட்டத்திலேயே கன்ஃபர்மேஷன் (தேர்வு எழுத வருவேன் என்ற உறுதி) கொடுக்கக் கடைசித் தேதியைக் குறித்துவிடுங்கள். அதைக் கொடுக்காமல் ஹால் டிக்கெட் வராது. வினாத்தாள் தமிழில் வேண்டுமென்றால் அதையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது என்று நோட்டு சொல்லவில்லை. முதலமடை மாந்தோப்புக்காரர்கள் ஜனவரியில் ஆரம்பித்தால் அறுப்பு வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஜூன் மழையோடு தொடங்குவது மேல். தென்னை வைத்திருப்பவர்களுக்கு மாதம் ஒரு பொருட்டல்ல. 45 நாளுக்கு ஒரு தேங்காய் வெட்டு என்றால் 90 நாளில் இரண்டு வெட்டு. லோன் அடைக்கும் இலக்கை மாதக் கணக்கில் வைக்காமல் வெட்டுக் கணக்கில் பிரித்தால் பணம் கையில் இருக்கும்போதே போய்ச் சேரும்.

தாள் மெல்லிசு, ஜெல் பேனா பின்பக்கம் தெரிகிறது, பால்பாயிண்ட் போதும். ஒட்டு பைண்டிங்கில் நடுப்பக்கம் கழன்று வருகிறது, ஸ்பைரல் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். 12 முதல் 18 வரை முதலிலேயே ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் அடுத்த 90 நாளுக்கு இன்னொரு 299 தேவையில்லை.