தெற்காசிய உதைபந்தாட்டச் சம்மேளனம்: ஏழு கதிரையும் ஒரு நாணயமும்

2018 செப்டெம்பரில் தெற்காசியக் கிண்ணத்துக்காக டாக்காவுக்குப் போன இலங்கை அணி இரண்டே இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பியது. இந்தியாவிடம் 0-2 தோல்வி, மாலைதீவுடன் 0-0. அதே இந்தியாவிடம் மாலைதீவும் 0-2 என்றே தோற்றது. இரு அணிக்கும் ஒரு புள்ளி, அடித்த கோல் இல்லை, வாங்கிய கோல் இரண்டு. பிரித்துப் பார்க்க எந்த வழியும் மிஞ்சாததால் நாணயம் சுண்டினார்கள். அரையிறுதிக்குப் போன மாலைதீவு நேபாளத்தை 3-0 என்றும் இறுதியாட்டத்தில் இந்தியாவை 2-1 என்றும் வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிட எங்களால் முடியவில்லை. ஏழு அணியை இரண்டு குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவில் நான்கு, மற்றதில் மூன்று. மூன்று அணிக் குழுவில் மொத்தமே மூன்று ஆட்டம். பலமான அணி இரண்டையும் வென்றுவிட்டால், மற்ற இரண்டும் மோதும் ஒரே ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே சிக்கல் தொடங்கிவிடும். ஆகவே சம்மேளனத்தில் எந்த நாடு இருக்கவேண்டும், உறுப்பினரல்லாத எந்த நாட்டை விருந்தினராகக் கூப்பிடவேண்டும் என்ற கேள்வி அலுவலகக் கோப்போடு முடிகிற விடயம் இல்லை. பொடியளுக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சம்மேளனம் தன் உறுப்பு நாடுகளுக்குத் தரும் சேவையில் இந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்து இங்கே மதிப்பிடுகிறோம்.

1997இல் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை, மாலைதீவு ஆகிய ஆறு நாடுகளோடு சம்மேளனம் தொடங்கியது. 2000இல் பூட்டான், 2005இல் ஆப்கானிஸ்தான். எட்டு என்பது அருமையான எண்: நான்கு அணிகளாக இரண்டு குழு, குழுநிலையில் 12 ஆட்டம், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி, மொத்தம் 15. யாராக இருந்தாலும் மூன்று ஆட்டம் உறுதி. 2015இல் ஆப்கானிஸ்தான் மத்திய ஆசியச் சங்கத்துக்குப் போய், ஈரான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான், துர்க்மெனிஸ்தான் அணிகளோடு சேர்ந்துகொண்டது. 2013இல் காத்மண்டுவில் இந்தியாவை 2-0 என்று வென்று சம்பியனான அணி அது. போனது ஓர் அணி. அதோடு போனது எட்டு என்ற கணக்கு. ஏழு அணி என்றால் மொத்தம் 12 ஆட்டம்தான், மூன்று அணிக் குழுவில் விழுந்தவருக்கு இரண்டு.

ஏழு அணியும் ஒன்றோடொன்று ஆடினால் என்ன என்று கேட்கலாம். 21 ஆட்டம், ஏழு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணி சும்மா இருக்கவேண்டும். மூன்று நாளுக்கு ஒரு சுற்று என்றாலும் ஏறத்தாழ மூன்று கிழமை. அவ்வளவு நாளுக்குக் கழகங்கள் வீரர்களை விடாது. 2021இல் மாலேயில் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அணிகள் ஐந்தே இருந்தமை: பாகிஸ்தான் பீபா தடையில், பூட்டான் கொரோனாவால் விலகல். பத்து ஆட்டமும் ஓர் இறுதியும். இலங்கை ஒரேயொரு புள்ளியோடு கடைசி இடம். ஆனால் அந்த நான்கு ஆட்டத்தையும் எடுத்துப் பாருங்கள்: இந்தியாவுடன் 0-0, மற்ற மூன்றும் தலா ஒரு கோலால் தோல்வி. ஒரு பயிற்றுநருக்கு அதில் கிடைக்கும் பாடம் டாக்காவின் இரண்டு ஆட்டத்தில் கிடைக்கவே கிடைக்காது.

2023 பெங்களூர்ப் போட்டிக்கு வருவோம். விருந்தினர் ஏற்பாட்டின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் ஒன்றாகத் தெரிந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது; ஓகஸ்ட் வரை தடை நீங்கவில்லை. ஆறு அணியே மிஞ்ச, மேற்காசியாவிலிருந்து குவைத்தையும் லெபனானையும் அழைத்து எட்டாக்கினார்கள். லெபனான் தெரிவு நடைமுறையில் கெட்டித்தனமானது. அந்த அணி அதே ஜூன் மாதம் புவனேஸ்வரில் நான்கு நாடுகள் போட்டிக்காக ஏற்கெனவே இந்தியாவில் நின்றது. புதிதாக நீண்ட பயணமும் காலநிலைக்குப் பழகும் நாட்களும் தேவைப்படவில்லை.

குவைத் விடயத்தில் தரவரிசையை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். 2015 ஒக்டோபர் முதல் 2017 டிசம்பர் வரை அந்த நாடும் பீபா தடையில் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆடாத அணி பட்டியலில் கீழே சரியும், ஆனால் ஆட்டத்தரம் அதே வேகத்தில் சரியாது. 1980இல் ஆசியக் கிண்ணம் வென்று, 1982இல் உலகக் கிண்ணம் ஆடிய நாடு அது. பெங்களூரில் பங்களாதேஷை மேலதிக நேரத்தில் 1-0 என்று வென்று இறுதிக்கு வந்து, 1-1க்குப் பிறகு பெனால்டியில்தான் இந்தியாவிடம் தோற்றது. லெபனானும் அரையிறுதியில் இந்தியாவிடம் பெனால்டியில்தான் விழுந்தது. இந்தியாவுக்கு அடுத்தடுத்து இரண்டு 120 நிமிட ஆட்டம்! சொந்தப் பிராந்தியத்தில் அப்படியான சோதனை அதற்கு அபூர்வம். பங்களாதேஷும் லெபனானிடம் முதலில் தோற்று, பிறகு மாலைதீவையும் பூட்டானையும் 3-1, 3-1 என்று வென்று 2009க்குப் பிறகு முதல் தடவையாக அரையிறுதி கண்டது.

கெட்டது என்ன? கடைசி நான்கில் உறுப்பு நாடு இரண்டுதான். நேபாளமும் மாலைதீவும் குழுநிலையோடு வீட்டுக்குப் போயின. ஒரே விருந்தினர் என்றால் பொறுக்கலாம். இருவரும் பலமான அணிகளாகவே வந்தால் நடுத்தர அணிகளுக்குக் கதவு அடைபடும்.

புள்ளிக் கணக்கையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பலமான அணியைக் கூப்பிட்டால் தரவரிசை போய்விடும் என்ற பயம் எங்களூரிலும் கேட்கிறது. 2018 ஓகஸ்டிலிருந்து பீபா பயன்படுத்தும் முறையில், ஆட்டத்தின் முடிவிலிருந்து, இரு அணியின் புள்ளி வித்தியாசத்தை வைத்து எதிர்பார்க்கப்பட்ட முடிவைக் கழித்து, ஆட்டத்தின் எடையால் பெருக்குவார்கள். வெற்றி 1, சமநிலை 0.5, தோல்வி 0. பெனால்டியில் வென்றால் 0.75, தோற்றால் 0.5. உங்களைவிட 300 புள்ளி கூடிய அணியோடு ஆடினால் உங்கள் எதிர்பார்ப்பு 0.24. தெற்காசியக் கிண்ணம் நட்புறவு ஆட்டமாகவே எண்ணப்படுகிறது: பீபா நாட்காட்டியில் தேசிய அணிகளுக்கென்று ஒதுக்கிய நாட்களுக்குள் என்றால் எடை 10, வெளியே என்றால் 5. எடை 5இல் அந்த 300 புள்ளிக்காரரிடம் தோற்றால் இழப்பு 1.2, சமநிலை என்றால் 1.3 வரவு, வென்றால் 3.8. சமபலமான அணியிடம் தோற்றாலோ 2.5 போய்விடும். எத்தனை கோல் வாங்கினீர்கள் என்பது கணக்கிலேயே இல்லை. ஆகவே பயப்படவேண்டியது பலமான விருந்தினரைப் பார்த்தல்ல, பிழையான திகதியைப் பார்த்து.

2023இல் அதுதான் நடந்தது. ஜூன் மாதத்துக்கு பீபா ஒதுக்கிய நாட்கள் 20ஆம் திகதியோடு முடிய, பெங்களூரில் போட்டி 21ஆம் திகதி தொடங்கி ஜூலை 4 வரை போனது. எடை பாதியாகிறது என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, அந்த நாட்களுக்கு வெளியே வீரரை விடவேண்டும் என்ற கட்டாயம் கழகத்துக்கு இல்லை. இன்றைய இலங்கை அணி ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த வீரர்களில் தங்கியிருக்கிறது. எங்களுக்கு இது சின்ன விடயமே இல்லை. எந்த நாட்டை அழைப்பது என்று பேசுவதற்கு முன், எந்த நாட்களில் என்று சம்மேளனம் முடிவுசெய்யவேண்டும். அந்த வகையில் 2024 மார்ச்சில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த பீபா சீரிஸ் என்ற நட்புறவுத் தொடர் நல்ல முன்மாதிரி: பூட்டான், மத்திய ஆபிரிக்கக் குடியரசு, பப்புவா நியூ கினி, இலங்கை ஆகிய நான்கு அணிகள், முழுவதும் ஒதுக்கிய நாட்களுக்குள்.

புதிதாக முழு உறுப்பினரைச் சேர்ப்பது பற்றிச் சுருக்கமாக: நடக்காது, நடக்கவும் தேவையில்லை. ஆசியக் கூட்டமைப்பு தன் 47 உறுப்பினரையும் ஐந்து வலயமாகப் பிரித்து வைத்திருக்கிறது. உப தலைவர் பதவியும் வலயத்துக்கு ஒன்று. வலயம் மாறுவது வாக்கும் பதவியும் சேர்ந்த பேச்சு. 2006இல் ஓசியானியாவிலிருந்து ஆசியாவுக்கு வந்த அவுஸ்திரேலியா தென்கிழக்காசியச் சங்கத்தில் முழு உறுப்பினரானது 2013இல்தான்.

விருந்தினர் கதிரைக்கு யார்? ஆப்கானிஸ்தானைத் திருப்பி அழைப்பது மனதுக்கு இனிக்கும். பழைய பகையும் பழைய உறவும் உள்ள அணி, சனம் பார்க்க வரும். ஆனால் விசாவும் பயணமும் கடைசி நேரம்வரை இழுபடக்கூடும் என்பதால் மாற்று அணியொன்றைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அழைக்கவேண்டும். மியன்மார் எங்கள் முதல் தெரிவு. இந்தியாவோடும் பங்களாதேஷோடும் நில எல்லை உள்ள நாடு, தென்கிழக்காசிய வேகத்தில் ஆடும் அணி. எங்கள் பின்வரிசை தடுமாறுவது அந்தக் குறும்பாஸ் ஆட்டத்தில்தான். இந்து சமுத்திரத் தீவுகள் இரண்டாவது. சீஷெல்ஸ் ஆபிரிக்கக் கூட்டமைப்பைச் சேர்ந்தது என்றாலும் புதிய முகமல்ல: 2020இல் டாக்காவின் பங்கபந்து கிண்ணத்தில் மொரீஷியஸ், புருண்டி அணிகளோடு ஆடியது, 2021 நவம்பரில் கொழும்பு நான்கு நாடுகள் போட்டியில் இறுதியாட்டம் 3-3 ஆன பிறகு பெனால்டியில் இலங்கையை வென்று கிண்ணத்தோடு போனது. வென்றாலும் தோற்றாலும் எங்கள் தரத்துக்குக் கிட்ட நிற்கும் அணி. மேற்காசியாவிலிருந்து வருடத்துக்கு ஒருவர் போதும்.

அழைப்பு பிழைக்கும் இடம் பெரும்பாலும் கடதாசியில். முதன்மை அணிகள் மோதும் சர்வதேச ஆட்டத்துக்கு பீபா, சம்பந்தப்பட்ட கூட்டமைப்புகள், நாட்டுச் சம்மேளனங்கள் எல்லோருடைய அனுமதியும் வேண்டும். வேறு கண்டத்து அணி என்றால் கையொப்பம் கூடும். அதற்குமேல் எங்கள் பிராந்தியத்தின் தனி நோய் ஒன்று உண்டு: இடைநிறுத்தம். பாகிஸ்தான் 2017, 2021, 2025 என்று மூன்று தடவை, இந்தியா 2022 ஓகஸ்டில் சில நாட்கள், இலங்கை 2023இல். எட்டாவது கதிரைக்கு ஒருவரை முன்கூட்டியே நிரந்தரமாக அழைத்து, ஒன்பதாவதாக ஒருவரைக் காத்திருப்பில் வைப்பதே மருந்து. குலுக்கலுக்குப் பிறகு ஆள் தேடக்கூடாது.

வயதுக்குழுப் போட்டிகளில் எங்கள் கருத்து கண்டிப்பானது. 2023 மார்ச்சில் டாக்காவில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கிண்ணத்துக்கு ரஷ்யாவை அழைத்தார்கள். பீபாவும் ஐரோப்பியக் கூட்டமைப்பும் தடை செய்ததால் ஆட இடமில்லாமல் நின்ற அணி. வந்தது, வென்றது, கிண்ணத்தை எடுத்தது. பூட்டான், நேபாளப் பிள்ளைகளுக்கு அந்தத் தோல்வியில் என்ன கிடைத்தது? அந்த வயதில் தேவை, நெருங்கிய பலமுள்ள அணியோடு திரும்பத் திரும்ப ஆடுவது. அதே மாதம் இலங்கை தடையில் இருந்ததால் எங்கள் பிள்ளைகளுக்கு வாசலே இல்லை. தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரியில் வெறுங்காலோடு பந்து பழகத் தொடங்கும் பிள்ளைக்கு 17 வயது ஒருமுறைதான் வரும். பெண்கள், வயதுக்குழுப் போட்டிகளில் உறுப்பினர் ஆறுக்குக் குறைந்தால் மட்டும் விருந்தினர், அதுவும் ஆசியாவுக்குள்ளிருந்து.

விருந்தினர் கிண்ணம் எடுத்தால் பிராந்தியப் பட்டம் என்னவாகும் என்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் பாசையூரிலோ குருநகரிலோ இளவாலையிலோ கழகம் நடத்தும் சுற்றுப்போட்டிக்கு மன்னார் அணி வருகிறது என்றால்தான் வேலியோரம் நிறையும். மன்னார் கிண்ணத்தைத் தூக்கிப் போனால் அடுத்த வருடம் இன்னும் கூடுதலாக அழைப்போம். கிண்ணத்துக்குத் தகுதியில்லை என்று சொல்லி அழைத்தால், தோற்றாலும் கவலைப்படாத இரண்டாம் அணியைத்தான் அனுப்புவார்கள்.

எங்கள் மதிப்பெண்: போட்டி நடத்தும் திறமைக்கு 5இல் 3½, விருந்தினர் தெரிவுக்கு 3, நாட்கள் தெரிவுக்கு 1½, வயதுக்குழுவுக்கு 2.

கடைசியாக இலங்கைச் சம்மேளனத்துக்கு ஒன்று. விருந்தினர் என்பது இருவழிப் பாதை. 2025இல் மத்திய ஆசிய நாடுகள் கிண்ணத்துக்கு இந்தியா விருந்தினராகப் போய், தஜிகிஸ்தானை வென்று, ஈரானிடம் 0-3 தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமானைப் பெனால்டியில் வென்று வந்தது. 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கம்போடியாவைப் பெனால்டியில் வெளியேற்றிய இலங்கையைக் கூப்பிட மற்ற வலயங்களும் யோசிக்கும். மியன்மாரின் யங்கூனுக்கும் சீஷெல்ஸின் விக்டோரியாவுக்கும் இப்போதே கடிதம் எழுதலாம். அடுத்த ஆண்டு பீபா ஒதுக்கிய நாட்கள் எவை, வெளிநாட்டுக் கழகங்களில் ஆடும் எந்த வீரர்கள் உறுதியாக வருவார்கள், ரேஸ்கோர்ஸ் எந்தத் திகதிகளில் கிடைக்கும் என்ற மூன்று விபரமும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.