பேருந்தா, இஸ்ரேலா?

அமெரிக்க யூத இளையோரின் கோடைப் பயணங்களில் ஊழியராகச் சேர நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: அமெரிக்காவைப் பேருந்தில் சுற்றும் பயணம், அல்லது இஸ்ரேல் பயணம்.

இஸ்ரேலில் வரலாறு சொல்ல வழிகாட்டி இருப்பார். கோஷர் சாப்பாட்டுக்கும், அதாவது யூத உணவு விதிப்படியான சாப்பாட்டுக்கும், அலைய வேண்டாம். உங்கள் பொறுப்பு பிள்ளைகள்தான். பாலைவன மலைக்கோட்டையான மசாடாவில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமா? இருட்டிலேயே அவர்களை எழுப்பி, தண்ணீர் பாட்டில்களைச் சரிபார்த்து, வளைந்து வளைந்து மேலேறும் ‘பாம்புப் பாதை’யில் கடைசியாக மூச்சிரைக்க வரும் பிள்ளையோடு நீங்களும் மெல்ல ஏற வேண்டும். பாதுகாப்பு நிலவரம் மாறினால் திட்டமும் மாறும். நியூயார்க்கில் மாலை ஐந்து என்றால் அங்கே நள்ளிரவு. கவலைப்படும் பெற்றோரின் அழைப்பு அப்போதுதான் வரும்.

பேருந்துப் பயணத்தில் எல்லாமே ஊழியர் தலையில்தான். கோஷர் உணவே கிடைக்காத ஊர்கள் வழியெங்கும் வரும். யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்துக்காக வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் வண்டி நின்றாக வேண்டும். சனி இரவு வரை நகராது. அந்த 25 மணி நேரத்துக்காகவே நான் பேருந்தைத் தேர்ந்தெடுப்பேன். ஓட்டம் நின்றதும் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள். அப்புறம் ஓய்வுநாளை முடித்துவைக்கும் ஹவ்தாலா சடங்கு: விளக்கணைத்த அறையில் பின்னல் மெழுகுவர்த்தி எரிய, கிராம்பு, பட்டை வாசனை கைமாறிப் போகும். முதல் வாரம் ஒதுங்கி நின்ற பிள்ளை மூன்றாம் வாரம் அந்த மெழுகுவர்த்தியைப் பிடித்து நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

முதல்முறை போகிறவர் என்றால், இஸ்ரேலில் தொடங்குங்கள். அங்கே கைகொடுக்க ஆள் அதிகம்.