சைஃபரில் இடம் தேட: தூரமா, பெட்டியா, ப்ளகினா?

நியோ4ஜே என்பது ஒரு கிராஃப் டேட்டாபேஸ்; தகவலை நோடுகளாகவும் அவற்றுக்கு இடையே உறவுகளாகவும் வைத்திருக்கும். அதில் இடம் சார்ந்த தேடலுக்கு மூன்று வழிகள். அதன் வினவல் மொழியான சைஃபரிலேயே இருக்கும் பாயிண்ட்.டிஸ்டன்ஸ் (இரு புள்ளிகளுக்கு இடையே தூரம்), பாயிண்ட்.வித்தின்பிபாக்ஸ் (புள்ளி ஒரு பெட்டிக்குள் இருக்கிறதா), அப்புறம் தனியாக நிறுவ வேண்டிய ஸ்பேஷியல் ப்ளகின். முக்கால்வாசி வேலைக்கு முதலாவதே போதும் என்பது என் கட்சி.

"இங்கிருந்து 2 கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது?" என்பதுதான் வழக்கமான கேள்வி. அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட புள்ளிகளுக்கு டிஸ்டன்ஸ் மீட்டரில் விடை தரும். ஆகவே 2000 என்று எழுத வேண்டும். (பழைய குறிப்புகளில் 'பாயிண்ட்' இல்லாமல் வெறும் டிஸ்டன்ஸ் என்றிருக்கும்; 5-ஆம் பதிப்பில் அது ஓடாது.) ஆளைக் கவிழ்ப்பது வேறு இடம். புள்ளியை லாட்டிட்யூட், லாங்கிட்யூட் என்று கொடுத்து உருவாக்கினால் அது பூமிப்பரப்புக்கான ஆயமுறை டபிள்யூஜிஎஸ்-84, எண் 4326. எக்ஸ், ஒய் என்று மட்டும் கொடுத்தால் தட்டைத் தளத்துக்கான கார்ட்டீசியன், எண் 7203. இரண்டையும் கலந்து தூரம் கேட்டால் எரர் வராது, 'நல்' (மதிப்பு இல்லை என்று பொருள்) தான் வரும். வடிகட்டும் நிபந்தனையில் 'நல்' வந்தால் அந்த வரி சத்தமில்லாமல் விழுந்துவிடும். டேட்டா இருந்தும் ரிசல்ட் காலி என்றால், முதலில் இரு பக்கத்து எஸ்ஆர்ஐடியையும் (மேலே சொன்ன 4326, 7203 போன்ற எண்) பாருங்கள்.

வித்தின்பிபாக்ஸ் தென்மேற்கு, வடகிழக்கு மூலைகளைக் கேட்கும். திரையில் தெரியும் மேப் பகுதிக்குள் இருப்பதை எடுக்க இதுதான் சரி. முதல் மூலையின் தீர்க்கரேகை இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால், பெட்டி 180 டிகிரிக் கோட்டைத் தாண்டுகிறது என்று அதுவே எடுத்துக்கொள்ளும். வேகத்துக்காக டிஸ்டன்ஸோடு இதையும் சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு. பாயிண்ட் இண்டெக்ஸ் (புள்ளிகளை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டிருந்தால் பெரும்பாலும் அது வீண் வேலை. தூர நிபந்தனைக்கும் அதே இண்டெக்ஸ் உதவும். சந்தேகமிருந்தால், வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ப்ரொஃபைல் போட்டுப் பாருங்கள்.

ஒரு பகுதியின் எல்லை போன்ற பலகோணம் வந்தால்தான் கதை மாறுகிறது. சைஃபரின் சொந்த வகை புள்ளி மட்டுமே. கோடும் பலகோணமும் கிடையாது. ப்ளகினில் இரண்டும் உண்டு, டபிள்யூகேடி என்ற முறையில் (வடிவங்களை எழுத்தாகக் குறிப்பது) கொடுக்கலாம். ஆனால் நோடுகளை லேயரில் (ப்ளகின் தேடும் தொகுப்பு) சேர்க்க வேண்டும், டேட்டாபேஸ் பதிப்புக்கு ஒத்த, ப்ளகினின் ஜார் கோப்பு வேண்டும். போதாததற்கு அதன் வித்தின்டிஸ்டன்ஸ் கிலோமீட்டரில் கணக்கிடும். மீட்டர் பழக்கத்தில் 2000 என்று கொடுத்தால் பாதிக் கண்டமே வந்து நிற்கும்.

எல்லைகள் அடிக்கடி மாறாதவை என்றால், நான் ப்ளகினைத் தொடவே மாட்டேன். எந்த இடம் எந்தப் பகுதிக்குள் என்பதை வெளியே ஒருமுறை கணக்கிட்டு, இரண்டு நோடுகளுக்கும் நடுவே ஓர் உறவாகப் பதிந்துவிடலாம். கிராஃப் டேட்டாபேஸுக்கு உறவைப் பின்தொடர்வதுதானே கைவந்த வேலை.