பூக்கடையில் கிரேன்லிஃப்ட்: இரண்டு ஆண்டு அனுபவம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பெரியப்பாவுக்குக் கமிஷன் கடை. அதற்கான கணக்கு நிரலை ரஸ்ட் மொழியில் எழுதிக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கமிஷன், கழிவு, முன்பணப் பிடித்தம் என்று அவருடைய சூத்திரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். நிரல் ஓடும்போதே அவற்றைக் கிரேன்லிஃப்ட் என்ற தொகுப்பி (கம்பைலர்) நூலகம் வழியாக இயந்திர மொழியாக்கி இயக்குகிறேன். பூக்கடைக்கு இது அதிகப்படிதான். கற்றுக்கொள்ளும் ஆசை எனக்கு, இடைஞ்சல் அவருக்கு.

கிரேன்லிஃப்ட் தொகுக்கும் வேகத்தில் குறையே இல்லை. அது உருவாக்கிய குறிமுறை (கோட்) தப்பாக இருந்து நிரல் விழுந்ததை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. விழுந்ததெல்லாம் ரஸ்ட்டும் அந்தக் குறிமுறையும் சந்திக்கும் இடத்தில்தான். முதல் மாதமே, குறிமுறையின் முகவரியைத் தாங்கும் சுட்டியைச் (பாயின்டர்) செயற்கூறாக (ஃபங்ஷன்) மாற்றுகையில், சி மொழியின் முறையில் அழை என்று சொல்லும் ‘எக்ஸ்டெர்ன் சி’யைக் குறிக்க மறந்தேன். ரஸ்ட் தன் சொந்த அழைப்பு முறைக்கு, அதாவது செயற்கூறுக்கு உள்ளீடுகளை எந்த வழியில் கொடுப்பது என்பதற்கு, உத்தரவாதம் தருவதில்லை. என் கணினியில் ஓடியது, கடையில் படுத்துவிட்டது.

ஆட்டிவைத்தது அடுத்ததுதான். சூத்திரம் மாறும்போதெல்லாம் பழைய குறிமுறை நினைவகத்தில் தேங்குகிறதே என்று, கிரேன்லிஃப்ட்டின் ‘ஃப்ரீ மெமரி’ செயற்கூறை அழைத்து விடுவித்தேன். அதன்பின் பத்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் விடியற்காலை வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில், செக்மென்டேஷன் ஃபால்ட்: உரிமையில்லாத விதத்தில் நினைவகத்தைத் தொட்டதாக இயங்குதளம் நிரலை நிறுத்திவிடும். “மல்லிகை காத்திருக்காதப்பா” என்பார் பெரியப்பா.

விழுந்த நொடியின் நினைவகப் பதிவான கோர் கோப்பை, பிழைதேடும் கருவியான ஜிடிபியில் திறந்தால், செயற்கூறின் பெயர் வர வேண்டிய முதல் வரியில் வெறும் இரண்டு கேள்விக்குறிகள். ஆர்ஐபி (இயங்கும் கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் பதிவகம்) நின்ற இடத்தைப் பிரித்துப் பார்த்தேன்: செயற்கூறின் தொடக்கமான ‘புஷ் ஆர்பிபி’, பிறகு பெருக்கல், கழித்தல், எல்லாம் ஒழுங்கு. புஷ் எழுதும் அடுக்கிலும் (ஸ்டாக்) இடம் தாராளம். புஷ் கட்டளையில் போய் எதற்கு விழ வேண்டும்? இரண்டு இரவுகள் இதிலேயே போயின. ரீட்எல்ஃப் என்ற கருவி கொண்டு கோர் கோப்பின் பகுதிகளைப் பார்க்க மூன்றாம் நாள்தான் தோன்றியது. அந்த முகவரிக்கு எதிரே ஆர் (படிக்க), டபிள்யூ (எழுத) இருந்தன, ஈ (இயக்க) இல்லை. விடுவிக்கும்போது கிரேன்லிஃப்ட் இயக்க உரிமையைப் பறித்துவிடுகிறது. குறிமுறை கிடக்கிறது, இயக்கத்தான் முடியாது. பில் போடும் திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) பழைய சுட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் முட்டியிருக்கிறது. ‘ஃப்ரீ மெமரி’ ரஸ்ட்டில் ‘அன்சேஃப்’, அதாவது பாதுகாப்பு அழைப்பவர் பொறுப்பு; எச்சரிக்கையும் ஆவணத்திலேயே உண்டு. படித்துவிட்டுத்தான் அலட்சியம் செய்திருந்தேன்.

இப்போது சுட்டியைத் தனியாக எவரிடமும் கொடுப்பதில்லை. குறிமுறையை வைத்திருக்கும் மாட்யூலோடு சேர்த்து, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் ‘ஆர்க்’கில் பொதிந்துவிடுகிறேன், கடைசித் திரெட் கைவிட்ட பிறகே விடுவிப்பு. எட்டு மாதமாக ஒரு விழுகையும் இல்லை.

ஜிடிபியில் அந்தக் கேள்விக்குறிகள் மட்டும் இன்னும் போகவில்லை. பெயர்களைப் பதிய ஜிடிபியில் வழி உண்டு. அதற்கு எல்ஃப் (லினக்ஸின் நிரல் கோப்பு வடிவம்) கோப்பொன்றை நினைவகத்திலேயே கட்டித் தர வேண்டும். சோம்பல். சூத்திரத்தின் பெயர், தொடக்க முகவரி, நீளம் மூன்றையும் பதிவுக் கோப்பில் எழுதிவைத்து, விழுந்த முகவரியை அதில் தேடிக்கொள்கிறேன்.