எதிராளிகளின் ‘ஸ்டாட்ஸ்’ விற்கிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

ஆன்லைன் போக்கர் ஆடுபவர்களைத் தேடிப்பிடித்து ஒரு கூட்டம் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் டேபிளில் உட்காரும் ஆட்டக்காரர்களின் பழைய ஹேண்டுகளை (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு ஹேண்ட்) லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். சந்தா கட்டினால் போதும், யார் இறுக்கமாக ஆடுகிறார், யார் கண்டதற்கெல்லாம் கால் செய்கிறார் (எதிராளி கட்டியதற்கு ஈடாகக் கட்டுகிறார்), யார் பிளஃப் அடிக்கிறார் என்று ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் எண்ணும் கலர் லேபிளும் வந்துவிடும் என்கிறார்கள். நான் ஆறு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். கிடைத்தது குப்பை. இன்னொருவர் மாட்டாமல் இருக்கட்டும் என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இப்படி ஆட்டத்தின்போதே எண்களைத் திரையில் காட்டும் மென்பொருள்தான் ஹட். அதைப் பயன்படுத்துபவர்களுக்கு அடிப்படை தெரியும். பிளைண்டை (சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாகப் போடும் தொகை) கணக்கில் எடுக்காமல், தானாக விரும்பிப் பணம் போட்ட ஹேண்டுகளின் சதவீதம் விபிஐபி. ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விரிவது) முன்பு ரெய்ஸ் செய்த (கட்டும் தொகையை ஏற்றிய) ஹேண்டுகளின் சதவீதம் பிஎஃப்ஆர். ஆறு பேர் டேபிளில் விபிஐபி/பிஎஃப்ஆர் 24/19 என்று இருந்தால் ஆட்டம் தெரிந்தவர், 50/6 என்று இருந்தால் எதையும் விடாமல் கால் செய்து பார்க்கிறவர் என்று ஒரு குத்துமதிப்புக்கு வரலாம். இந்த எண்களில் தப்பில்லை. ஆனால் அவை எத்தனை ஹேண்டிலிருந்து வந்தவை என்று தெரிந்தால்தான் அவற்றுக்கு அர்த்தம். ஹேண்டுகளைச் சேமித்துக் கணக்குப் போடும் நம்பகமான டிராக்கர் மென்பொருட்கள் எல்லாமே அந்த எண்ணிக்கையைப் பெயருக்குப் பக்கத்தில் காட்டும். இவர்கள் கொடுத்த ஹட்டில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். கேட்டதற்கு, திரை சுத்தமாக இருக்கட்டும் என்று பதில் வந்தது.

ஒரு ஹேண்டைச் சொல்கிறேன். எதிரில் இருந்தவருக்குச் சிவப்பு லேபிள், விபிஐபி 62, ‘மீன்’ (சுலபமாகத் தோற்கிற ஆள்) என்று குறிப்பு வேறு. என்னிடம் டாப் பேர் (பொதுச் சீட்டுகளில் பெரியதோடு ஜோடி), நல்ல கிக்கர் (துணைச் சீட்டு). அவர் ஃப்ளாப்பில் என் பெட்டை ரெய்ஸ் செய்தார், டர்னிலும் ரிவரிலும் (நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டுகள்) பெரிதாக அடித்தார். சாதாரணமாக ரிவரில் கீழே வைத்துவிடும் ஹேண்ட் அது. 62 என்ற எண்ணை நம்பிக் கால் செய்தேன். ஃப்ளாப்பிலேயே செட் (கையிலுள்ள ஜோடியோடு சேர்ந்து ஒரே மதிப்பில் மூன்று சீட்டு) வைத்திருந்தார். 100 பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது) போனது. பிறகு அவர்களுடைய டேட்டா ஃபைலை வேறொரு டிராக்கரில் திறந்து பார்த்தேன். அந்த 62 மொத்தமே 13 ஹேண்டிலிருந்து வந்தது, எட்டை ஆடியிருக்கிறார். அதைவிடக் கொடுமை, அந்தப் பதின்மூன்றும் டேபிளில் இரண்டே பேர் மிச்சமிருந்தபோது நடந்தவை. இருவர் மட்டும் ஆடும்போது 62 என்பது இறுக்கமான ஆட்டம்! அதை ஆறு பேர் டேபிளுக்கு அப்படியே தூக்கிப்போட்டு ‘மீன்’ என்று சிவப்பு அடித்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 30 ஹேண்டில் 9 ஆடியவருக்கு விபிஐபி 30 என்று வரும். ஆனால் அவருடைய உண்மையான விகிதம் சுமார் 17-லிருந்து 48 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதாவது பாறை மாதிரி உட்கார்ந்திருப்பவரும் தாராளமாக ஆடுபவரும் அதே 30-க்குள் ஒளிந்திருக்கலாம். 1,000 ஹேண்ட் சேர்ந்தால்தான் அந்த இடைவெளி இருபக்கமும் மூன்று மூன்று புள்ளியாகச் சுருங்கும். விபிஐபி ஒவ்வொரு ஹேண்டிலும் கணக்காகும் என்பதால் அதுவாவது சீக்கிரம் நிலைக்கு வரும். 3-பெட்டுக்கு (முதல் ரெய்ஸுக்கு மேல் இன்னொருவர் செய்யும் ரெய்ஸ்) ஃபோல்ட் செய்யும் (சீட்டைக் கீழே வைத்துவிடும்) விகிதம் அப்படியல்ல. நூறு ஹேண்டில் இருபது தடவை ஓபன் (முதல் ரெய்ஸ்) செய்கிறவர்கூட, 3-பெட்டை இரண்டு மூன்று தடவை சந்தித்தாலே பெரிது. ரிவர் விகிதங்கள் இன்னும் மோசம். என் ஹட்டில் ‘ரிவர் பெட்டுக்கு ஃபோல்ட் 100%’ என்று பச்சையில் மின்னிய ஒருவரின் ஃபைலில், அவர் ரிவர் பெட்டைச் சந்தித்ததே ஒரே ஒரு தடவை.

சரி, இதெல்லாம் குறைவான டேட்டாவின் கோளாறு என்று சமாளிக்கலாம். ஆனால் சில எண்கள் நடக்கவே வாய்ப்பில்லாதவை. விபிஐபி 18, பிஎஃப்ஆர் 24 என்று ஒருவருக்கு இருந்தது. ரெய்ஸ் செய்தாலே விரும்பிப் பணம் போட்டதாகத்தான் கணக்கு. எனவே பிஎஃப்ஆர் ஒருநாளும் விபிஐபியைத் தாண்டாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். ரொம்ப அக்ரஸிவான ஆட்டக்காரர் என்றால் அப்படித்தான் வரும் என்று பதில் எழுதினார்கள்! போக்கர் தெரிந்த யாரும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அப்போது புரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்றார்கள். அடுத்த மெசேஜுக்கு பிளாக்.

அப்புறம் ஆட்டத் தளத்திலிருந்து வந்த மெயில். நாம் உட்காராத டேபிளில் நடந்த ஹேண்டுகளை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவது அங்கே விதிமீறல். மறுபடி நடந்தால் கணக்கை முடக்கி மிச்சப் பணத்தையும் நிறுத்திவைப்போம் என்று இருந்தது. போக்கர்ஸ்டார்ஸ் மாதிரியான பெரிய தளங்களிலும் இப்படி மொத்தமாகத் தோண்டியெடுத்த டேட்டாவுக்குத் தடை உண்டு. பார்ட்டிபோக்கர் 2019-இல் ஹட்டையே நிறுத்தியது, ஆட்டக்காரர்கள் திரைப்பெயரை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. பெயர் மாறியபின் பழைய பெயரில் சேர்த்த ஹேண்டால் என்ன பயன்? விற்கிறவர்கள் இதில் எதையும் வாய் திறந்து சொல்வதில்லை.

உங்களுக்கும் இந்த மெசேஜ் வந்திருந்தால், பணம் கட்டுமுன் ஒரே ஒரு ஆட்டக்காரரின் மூல ஹேண்ட் ஃபைலை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை ஹேண்ட், எந்தத் தேதிகளில், எத்தனை பேர் டேபிளில், கேஷ் கேமா டோர்னமெண்டா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தயங்கினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி உங்கள் டிராக்கரில் ஏற்றியிருந்தால் வேலை கொஞ்சம் அதிகம். அவர்கள் ஹேண்டும் உங்கள் ஹேண்டும் ஒரே டேட்டாபேஸில் கலந்தபின் பிரித்தெடுப்பது பெரும்பாடு. புதிதாக ஒரு டேட்டாபேஸ் திறந்து, தளம் உங்கள் கணினியில் சேமித்த ஹேண்ட் ஹிஸ்டரி ஃபோல்டரிலிருந்து உங்கள் ஹேண்டுகளை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். எல்லாம் வந்துவிட்டதா என்று எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகு பழையதை அழித்தால் போதும்; அதுவரை அந்த ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்.