ஜாபிக்ஸ் 7.0: சர்வர் தானே ஏறிக்கொள்கிறது, ஏஜென்ட்டை நாம்தான் ஏற்ற வேண்டும்

சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கண்காணிக்கும் மென்பொருள் ஜாபிக்ஸ். 2024 ஜூனில் வந்த அதன் 7.0, நீண்டகால ஆதரவு தரும் எல்டிஎஸ் பதிப்பு. ஐந்து ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் உண்டு. அதன் திறந்த மூல உரிமம் ஜிபிஎல் 2-இலிருந்து ஏஜிபிஎல் 3-க்கு மாறிவிட்டது. நிரலைத் திருத்தி நெட்வொர்க் வழியே பிறருக்குச் சேவையாகத் தருபவர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும், மற்றவர்களுக்குக் கவலையில்லை.

6.0-இலிருந்து சர்வரை உயர்த்துவது எளிதுதான். சர்வரை நிறுத்தி, டேட்டாபேஸைப் பேக்கப் எடுத்து, புதிய ரெப்போவை (பேக்கேஜ் கிடங்கை) சேர்த்து, பேக்கேஜ்களை உயர்த்தி மறுபடி ஓடவிட்டால் போதும். டேபிள்களை அதுவே மாற்றிக்கொள்ளும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று லாக்கில் தெரியும். நூறு வரும்வரை கை வைக்கக் கூடாது. பழைய பதிப்புக்குத் திரும்ப வேறு வழியே கிடையாது, பேக்கப் ஒன்றுதான் கதி.

சிக்கல் வருவது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில். மாற்றங்களைப் பதிவுசெய்யும் பைனரி லாக் ஓடிக்கொண்டிருந்து, ஜாபிக்ஸ் யூசருக்குச் சூப்பர் உரிமை இல்லையென்றால், டேட்டாபேஸ் ட்ரிகர் உருவாக்கும் இடத்தில் அப்கிரேடு நின்றுவிடும். லாக்_பின்_டிரஸ்ட்_ஃபங்ஷன்_கிரியேட்டர்ஸ் என்ற மைஎஸ்கியூஎல் அமைப்பை முன்கூட்டியே 1 ஆக்கிவிட்டு, முடிந்ததும் 0 ஆக்கிவிடுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.30, போஸ்ட்கிரெஸ் 13, பிஎச்பி 8.0 ஆகியவற்றுக்குக் கீழே இருந்தால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். ரெட்ஹேட் வகை லினக்ஸில் ஈபெல் என்ற கூடுதல் ரெப்போவிலும் ஜாபிக்ஸ் பேக்கேஜ்கள் கிடக்கின்றன. அங்கே அவற்றை விலக்காவிட்டால், பேக்கேஜ் நிறுவும் டிஎன்எஃப் இரண்டையும் கலந்து குழப்பிவிடும்.

டேட்டாவைத் திரட்டிச் சர்வருக்கு அனுப்பும் பிராக்ஸிகளை அதே நாளில் உயர்த்தியே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் இப்போது இல்லை. 6.0 பிராக்ஸி டேட்டா அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் கான்ஃபிக் மாற்றங்கள் எதுவும் அதற்குப் போய்ச் சேராது. கிளை அலுவலகங்களை ஒவ்வொன்றாக முடிக்க இந்த அவகாசம் தாராளம்.

குறை ஏஜென்ட்டில்தான், அதாவது கண்காணிக்கப்படும் மெஷின்களில் ஓடும் சிறு நிரலில். இருநூறு மெஷின்களுக்கு ஏஜென்ட்டை அனுப்பவோ உயர்த்தவோ ஜாபிக்ஸுக்குள் ஒரு பொத்தான்கூட இல்லை. இத்தனை ஆண்டு வளர்ந்த மென்பொருளில் இது பெரிய ஓட்டை. லினக்ஸுக்குப் பல மெஷின்களில் ஒரே வேலையைச் செய்யும் ஆன்சிபிள், விண்டோஸுக்கு எம்எஸ்ஐ ஃபைலும் குரூப் பாலிசியும் என்று நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆன்சிபிளில் சீரியல் 10 என்று வைத்துப் பத்துப் பத்தாக அனுப்பினால், அந்தப் பத்தும் தோற்றால் அதோடு நிற்கும். பழைய ஏஜென்ட்டுகள் புதிய சர்வரோடு பேசும் என்பதால் அவசரம் இல்லை. புதிய ஏஜென்ட்டைப் பழைய சர்வரோடு மட்டும் இணைக்காதீர்கள்.

புதிய தலைமுறை ஏஜென்ட்டான ஏஜென்ட் 2-க்கு மாறுவோர் பழையதை முதலில் நிறுத்த வேண்டும். இரண்டும் 10050 போர்ட்டையே கேட்கும். பழைய கான்ஃபிக் ஃபைலும் தானாக வந்துவிடாது. வெளியிலிருந்து நேரே எட்ட முடியாதபடி நாட் (NAT) பின்னால் இருக்கும் மெஷின்களுக்கு, ஏஜென்ட்டே சர்வரை அழைக்கும் ஆக்டிவ் முறையே நல்லது, வெளியே போகும் 10051 போர்ட் திறந்திருந்தால் போதும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: பேக்கேஜோடு வரும் கான்ஃபிக்கில் ஹோஸ்ட்நேம் "ஜாபிக்ஸ் சர்வர்" என்றே எழுதியிருக்கும். அதை விட்டுவிட்டால் எல்லா மெஷின்களும் ஒரே பெயரில் டேட்டா அனுப்பி, கிராஃப் கோணல்மாணலாகும். அந்த வரியை அழித்துவிட்டால் ஏஜென்ட் கணினியின் பெயரையே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஃப்ரன்ட்எண்டில் (ஜாபிக்ஸின் இணையப் பக்கத்தில்) கொடுத்த பெயர் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட அப்படியே பொருந்த வேண்டும்.